அமுதவள்ளி அக்காவின் அண்டை நாடுகள்

ஐம்பத்திரண்டு வயதுவரை அமுதவள்ளி அக்காவுக்கு அண்டை நாடுகளைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. தாய்லாந்து என்றால் ஹாட்யாயில் வாங்கிய போர்வை. இந்தோனேசியா என்றால் எதிர்வீட்டில் வேலை செய்யும் பெண். வியட்நாம் என்றால் காப்பி. அதற்கு மேல் யோசிக்க அவருக்குக் காரணம் இருந்ததில்லை. அவருக்கு அமெரிக்கா இருந்தது.

நாங்கள் இருவரும் மலேசியாவில், கிள்ளானில் ஒரே தாமானில் குடியிருக்கிறோம். இங்கே குடியிருப்புப் பகுதியைத் தாமான் என்றுதான் சொல்வோம். தெலுக் பங்லிமா காராங்கில் அவர் வேலை செய்யும் கட்டில் தொழிற்சாலையும், நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையும் ஒரே சாலையில் இருக்கின்றன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் தினமும் காலையில் அக்காவின் மைவி காரில் ஏறிக்கொள்வேன். கூலியாகப் பெட்ரோல் காசு வாங்க மாட்டார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். கடந்த ஒரு வருடமாக அந்தக் கூலி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அக்கா பிறந்தது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆறாம் படிவம் முடித்து, தட்டெழுத்து படித்து, இருபத்திரண்டு வயதில் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தார். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டும் ராதாகிருஷ்ணன் அண்ணனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். தட்டெழுத்துப் பெண்ணாகச் சேர்ந்தவர் ஏற்றுமதிப் பிரிவுக்கே பொறுப்பானார். ரப்பர் மரத்தில் செய்த கட்டில், அலமாரி, கண்ணாடி மேசை எல்லாம் அமெரிக்காவுக்குத்தான் போகும். அங்கே வாங்குபவர் கரோல் என்ற அம்மா. அமுதவள்ளி என்ற பெயர் கரோலின் வாயில் நுழையாததால் அக்கா அவருக்கு ‘ஏமி’ ஆனார். கரோலுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது எந்தக் காலில், அவருடைய மகன் எந்த ஊரில் வக்கீல், அவர்கள் ஊரில் எந்த மாதம் மெத்தைக்குத் தள்ளுபடி என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். அமெரிக்காவை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

போன வருடம் ஏப்ரலில் அமெரிக்கா எல்லா நாட்டுச் சரக்குக்கும் புதிய வரி அறிவித்தது. மறுநாளே கரோலிடமிருந்து தகவல் வந்தது: எல்லா ஆர்டரையும் நிறுத்தி வைக்கவும். கட்டில்கள் அட்டைப்பெட்டியில் கட்டி, ஏற்றத் தயாராக நின்றன. ஒரு மாதத்தில் மூன்றாவது கொட்டகையின் விளக்கை அணைத்துவிட்டார்கள். நேப்பாளத் தொழிலாளர்கள் ஓவர்டைம் இல்லாமல் ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி லிம் ஏதோ அமைச்சு ஏற்பாடு செய்த விளக்கக் கூட்டத்துக்குப் போய்வந்தார். வரும்போது ஒரு புதிய வாசகத்தோடு வந்தார். இனிமேல் ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது, நாடு அண்டை நாடுகளின் பக்கம் திரும்புகிறது, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைமை இந்த வருடம் நம்மிடம்தான், நாமும் திரும்ப வேண்டும். லிம் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்த மொழி. அக்கா அதைக் காரில் எனக்குத் தமிழாக்கிச் சொல்வார்.

“‘அமுதா, இனி நீ ஆசியானப் பாத்துக்கோ’ங்கறாரு. நான் கேட்டேன், ‘பாஸ், ஆசியான்னா யாரு? போன் நம்பர் இருக்கா?’”

“என்ன சொன்னாரு?”

“‘பத்து நாடு இருக்கு, ஒண்ணு கூடவா வாங்காது’ன்றாரு. முப்பது வருஷமா அமெரிக்காகாரன் முதுகு அகலத்துக்குக் கட்டில் செஞ்சுட்டு, இப்ப திடீர்னு பக்கத்து வீட்டுக் கதவத் தட்டுன்னா எப்படி லா?”

ஆனாலும் தட்டினார். மே மாதம் ஆசியான் உச்சநிலை மாநாட்டையொட்டி கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் வணிகச் சந்திப்பு நடந்தது. பத்து நாட்டு வியாபாரிகளும் வருவார்கள், ஒருவரையொருவர் சந்தித்துப் பேசலாம் என்று அழைப்பு. அன்று தலைவர்கள் வருவதற்காகப் பாதிச் சாலைகளை மூடியிருந்தார்கள். அக்கா கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அதற்கப்புறம் டாக்சி கிடைக்காமல், கையில் கனமான கேட்டலாக்குகளோடு வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தார். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது.

மரச்சாமான்களுக்கென்று ஒரு வட்ட மேசை. அக்காவோடு ஒரு வியட்நாம்காரப் பெண், இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஒரு தாய்லாந்து இளைஞர். கைகுலுக்கி, அட்டைகளை மாற்றிக்கொண்டு, கேட்டலாக்குகளைத் திறந்தார்கள். நான்கு கேட்டலாக்கிலும் ஒரே கட்டில். ரப்பர் மரம், உருண்டைக் கால், தலைமாட்டில் நான்கு பலகை, அதே காப்பி நிற வார்னிஷ். பெயர்கள்தான் வேறு.

நால்வரும் பக்கங்களை மறுபடி புரட்டிப் பார்த்தார்கள். பிறகு சுராபாயாப் பெரியவர் மலாயில் மெல்லச் சொன்னார்: “எங்களுக்கும் ஏப்ரல்லதான் ஆர்டர் நின்னுச்சு. அரசாங்கம் பக்கத்து நாட்டுக்கு வித்துக்கச் சொல்லுது.”

தாய்லாந்து இளைஞர் தலையாட்டினார். அங்கேயும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

வியட்நாம்காரப் பெண் அக்காவின் கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில் அமெரிக்க வாடிக்கையாளரின் பெயரைப் பார்த்துவிட்டு, “நீங்களும் கரோலுக்கா?” என்று கேட்டாள். “அவங்க முழங்கால் இப்ப பரவாயில்லையா?”

இதைக் காரில் சொன்னபோது அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “மாதவி, இருபது வருஷமா கரோல் ‘ஏமி, உன்னை விட்டா எனக்கு யாரு’ன்னு சொன்னா. அந்த முழங்கால நான் என் சொந்த முழங்கால் மாதிரி விசாரிச்சேன். அந்த வியட்நாம் பொம்பளைக்கு எந்தக் கால்னு கூடத் தெரியுது.”

மேசைக்கு மேசை படம் எடுத்துக்கொண்டு வந்த நோராய்னி என்ற அதிகாரி, எத்தனை சந்திப்பு முடிந்தது என்று அக்காவிடம் கேட்டார்.

“மூணு ஆச்சு. மூணு பேரும் விக்க வந்தவங்க. வாங்குறவங்க எங்கம்மா?”

நோராய்னி கையிலிருந்த போனை இறக்கினார். வயதில் சின்னவர்தான், ஆனால் முகத்தில் ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. “அக்கா, என்கிட்ட எத்தனை சந்திப்புன்னுதான் கேக்குறாங்க. யாரு வாங்குறதுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல.” பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல, திமோர் லெஸ்தேயிலிருந்து ஒரு கடைக்கார அம்மா வந்திருப்பதாகவும், சாலை மறிப்பில் டாக்சிக்காரர் திரும்பிப்போய்விட்டதால் அவரால் வந்துசேர முடியவில்லை என்றும் சொன்னார். அவர்கள் நாடு இன்னும் ஆசியானில் சேரவில்லை, பார்வையாளர்தான். அதனால் பட்டியலில் கடைசியில் போட்டிருந்தார்கள். “அவங்க வாங்க வந்தவங்க,” என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார்.

அந்த அம்மா தங்கியிருந்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஹோட்டலில். அக்கா கடித்த செருப்போடு பிறந்த ஊருக்கே திரும்பி நடந்தார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் பெயர் டொமிங்காஸ். அறுபது வயதிருக்கும், அகலமான உடம்பு, டிலி நகரத்தில் மரச்சாமான் கடை. நாடு இந்தோனேசியாவின் கீழ் இருந்த காலத்தில் பள்ளியில் படித்தவர் என்பதால் இந்தோனேசிய மொழி பேசினார். அக்கா மலாய் பேசினார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று அக்கா நினைத்துக்கொண்டார். அந்த ஏறக்குறைய பின்னால் அவரைப் படுத்தி எடுத்தது.

டொமிங்காஸ் சோறு வருவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, சாப்பாட்டு மேசையின் உயரத்தை அளந்தார். அது அவருடைய பழக்கமாம். பிறகு கேட்டலாக்கைக் கடைசிவரை புரட்டினார்.

“கட்டில் பெருசா இருக்கு. இதை வைக்கிறதுக்கு வீடும் கட்டித் தருவீங்களா?”

டிலியில் வீடுகளின் கதவு குறுகல், அறை சின்னது. அமெரிக்காவுக்குச் செய்த கட்டில் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். அவருக்குத் தேவை குழந்தைகளுக்கான சின்னக் கட்டில். கழற்றிக் கட்டி அனுப்ப வேண்டும். மரத்துக்குக் கரையான் மருந்து போட்டிருக்க வேண்டும். நான்கு திருகாணியில் ஒரு தகப்பன் மாட்டிவிட வேண்டும்.

“பேசுறதெல்லாம் கண்டிஷன்தான்,” என்று மறுநாள் அக்கா சொன்னார். “‘நல்லாருக்கு’ன்னு ஒரு வார்த்தை இல்ல. கரோல்னா எடுத்த எடுப்புல ‘லவ்லி லவ்லி’ம்பா.”

“ஆனா ஆர்டர் தரேன்னாங்க இல்ல?”

“ஒரே ஒரு கன்டெய்னர் பெட்டி. லிம் அதக் கேட்டுட்டு என்னையே பாக்குறாரு. நான் என்னமோ திமோருக்கே பொறந்தவ மாதிரி.”

ஒரு பெட்டியாக இருந்தாலும் வேலை இருந்தது. மூன்றாவது கொட்டகையில் விளக்கு எரிந்தது. அமெரிக்க அளவுக்கு வைத்திருந்த இயந்திரங்களைச் சின்னக் கட்டிலுக்கு மாற்றுவதற்குள் மேற்பார்வையாளர் இரண்டுமுறை அக்காவோடு சண்டை போட்டார். மாதிரிக் கட்டில் தயாரானதும் அக்கா படம் எடுத்து, மலாயில் ஒரு குறுஞ்செய்தியும் சேர்த்து டொமிங்காஸுக்கு அனுப்பினார். குழந்தைக் கட்டில் தயார், அடிப்பலகை இலவசம் என்று எழுதியிருந்தார். நல்ல சேதிதான். ஆனால் அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. இரண்டு நாள், மூன்று நாள். போன் அடித்தாலும் எடுக்கவில்லை. ஆர்டர் போய்விட்டது என்று லிம் முடிவே கட்டிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, நாங்கள் காரில் போய்க்கொண்டிருக்கும்போது டொமிங்காஸே கூப்பிட்டார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார். எனக்கு மலாய் தெரியும், அந்த அம்மா பேசியதில் முக்கால்வாசி புரிந்தது.

“எங்க ஊர்ல நாங்க பட்டது போதும்,” என்றார் அவர், மிகவும் நிதானமாக. “அடிமைக்குக் கட்டில் விக்கிற வேலை என் கடையில கிடையாது. அதுவும் அடிப்பலகை ஒண்ணுக்கும் உதவாதுன்னு நீங்களே எழுதுறீங்க.”

அக்கா காரைச் சாலையோரம் நிறுத்தினார். விசாரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. மலாயில் ‘புடாக்’ என்றால் குழந்தை, இந்தோனேசிய மொழியில் அடிமை. மலாயில் ‘பெர்ச்சுமா’ என்றால் இலவசம், அங்கே வீண். அக்கா எழுதியது ஒன்று, அந்த அம்மா படித்தது வேறு. அக்கா இரண்டு வார்த்தைக்கும் விளக்கம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி விளக்கம் சொன்னார். டொமிங்காஸ் நம்பினாரா என்று தெரியவில்லை. “சரி, அனுப்புங்க. ஆனா பெட்டி மேல அந்த வார்த்தை இருக்கக் கூடாது,” என்று வைத்துவிட்டார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

“சிரிக்காத மாதவி. அமெரிக்காகாரன்கிட்ட முப்பது வருஷம் பேசினேன், ஒரு வார்த்தை தப்பாப் போகல. இங்க, நம்ம பாஷையையே பேசுற பக்கத்து ஊரு, அடிமை யாவாரம் பண்றேன்னு நெனச்சுட்டாங்க.”

கட்டில்களின் அட்டைப்பெட்டிகள் மேல் அச்சடித்திருந்த வார்த்தையை நேப்பாளத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். சரக்கு அனுப்பும் ஏற்பாட்டிலும் அக்காவுக்கு நிம்மதியில்லை. போர்ட் கிள்ளானிலிருந்து டிலிக்கு நேராகக் கப்பல் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு துறைமுகத்தில் இறக்கி, வேறு கப்பலுக்குக் காத்திருந்து ஏற்ற வேண்டும். ராதாகிருஷ்ணன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “கலிபோர்னியாவுக்குப் போற பெட்டி இதுக்கு முன்னாடி போய்ச் சேந்துரும் போலிருக்கு,” என்றாராம். அன்று அக்கா வீட்டில் அவரோடு பேசவில்லை. என்னிடம் சேர்த்துவைத்துப் பேசினார்.

முதல் பெட்டி போவதற்கு முன்பே டொமிங்காஸ் இரண்டாவதற்கும் சொல்லிவிட்டார். பள்ளி மாணவர் விடுதி ஒன்றுக்கு அவருக்கு ஒப்பந்தம் கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் கட்டில்கள் வேண்டும். அக்கா சரி என்று வாக்குக் கொடுத்தார்.

ஆகஸ்டில் அமெரிக்கா வரியை ஒருவழியாக முடிவு செய்தது. முதலில் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. கரோல் கூப்பிட்டார். ஏமி எப்படி இருக்கிறாள், வெயில் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பழைய ஆர்டரில் பாதியை உடனே அனுப்பச் சொன்னார். வரியில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே இனிமையோடு சொன்னார்.

லிம் முகம் மலர்ந்துபோனார். அன்று மதியமே அக்காவை அறைக்குக் கூப்பிட்டு, மூன்றாவது கொட்டகையையும் கரோலுக்குக் கொடுத்துவிடலாம், திமோரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அங்கே நடந்ததை அக்கா எனக்கு ஒன்றுக்கு மூன்றுமுறை சொல்லியிருக்கிறார். மூன்றுமுறையும் ஒரே மாதிரி சொன்னதால் நான் நம்புகிறேன்.

“பாஸ், நாடே அண்டை நாட்டுப் பக்கம் திரும்புதுன்னு சொன்னது நீங்கதானே?”

“திரும்புச்சு. இப்ப கொஞ்சம் அந்தப் பக்கமும் திரும்புது. அரசாங்கமே அங்க போய்ப் பேசிட்டுத்தானே இருக்கு, அமுதா. நம்ம சின்ன கம்பெனி.”

“அந்த அம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஒரு மெசேஜ் போடு.”

அக்கா எழுந்து நின்றுவிட்டார். “மெசேஜ் போட்டு நான் பட்டது போதும். நீங்களே போன்ல சொல்லுங்க. நம்பர் போட்டுத் தரேன்.” சொல்லிவிட்டு அங்கேயே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, முதலாளியின் மேசைமேல் போனை வைத்தார்.

லிம்முக்கு வேறு வழியில்லை. மெஷின் என்று ஆரம்பித்தவர், பாதியில் என்ன நினைத்தாரோ, பழைய வாடிக்கையாளர் திரும்பி வந்திருக்கிறார், நான்கு மாதம் தாமதமாகும் என்று உள்ளதையே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் டொமிங்காஸ் முழுவதையும் கேட்டார்.

“அமெரிக்காதானே?” என்றார்.

“ஆமாங்க.”

“எனக்குக் கோபமில்ல, ஐயா. எங்க நாட்ட உங்க கூட்டத்துல சேத்துக்க பதினாலு வருஷமா மனுப்போட்டுக் காத்திருக்கோம். இந்த அக்டோபர்ல சேக்குறாங்களாம். எங்களுக்குக் காத்திருந்து பழக்கம். ஆனா விடுதிப் பிள்ளைங்க தரையில படுத்திருக்காங்க. அதனால நான் சுராபாயாவுல வாங்கிக்கிறேன். அங்கயும் இதே கட்டில்தான்.”

லிம்மின் காது சிவந்துவிட்டது என்று அக்கா சொல்கிறார். மேசை நாள்காட்டியை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, “சுராபாயாவுக்குச் சொல்லாதீங்க. நவம்பர்ல ஏத்திடுறோம்,” என்றார்.

“வெக்கப்பட்டாரு போல,” என்றேன் நான்.

“வெக்கமாவது. கரோல் இன்னொரு தடவ கைவிட்டா என்ன பண்றதுன்னு அந்த ரெண்டு நிமிஷத்துல மனக்கணக்குப் போட்டிருப்பாரு.” சொல்லிவிட்டு அக்கா முன்னால் போன லோரியை முந்தினார். “எதுவா இருந்தா என்ன, கொட்டகை என்கிட்ட இருக்கு.”

கொட்டகை மட்டுமா இருந்தது. கரோலும் அக்காவிடமே இருந்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள், உதவிக்கு யாரும் கிடையாது. விடிந்தும் விடியாமலும் அமெரிக்காவோடு இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, பத்து மணிக்கு டிலியிடம் திட்டு வாங்குவார். கரோலிடம் இப்போது முழங்காலைப் பற்றி விசாரிப்பதில்லை. சரக்கு, தேதி, வணக்கம். கரோலுக்கு அது தெரிந்ததாகவே காணோம் என்பதும் அக்காவுக்கு ஒரு குறைதான்.

அக்டோபர் கடைசியில் மறுபடி மாநாடு, மறுபடி சாலை மறிப்பு. திமோர் லெஸ்தேயைப் பதினோராவது நாடாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதே நாளில் அதே ஊரில் அமெரிக்காவோடும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. சுபாங் ஜெயாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய், நெரிசலில் மாட்டித் திரும்பிய அக்கா மறுநாள் காரில் அதற்கும் வழக்குப் போட்டார். “பங்காளிங்க கூடுற விசேஷத்துல முன் வரிசைய யாருக்குக் குடுத்தாங்க பாத்தியா?”

“நீங்களும் கரோலுக்கு ரெண்டு கொட்டகை குடுத்திருக்கீங்களேக்கா.”

“நான் குடுக்கல, லிம் குடுத்தாரு,” என்றார். குரலில் வழக்கமான வேகம் இல்லை.

விடுதிக் கட்டில்கள் சொன்னபடி நவம்பரில் கப்பலேறி, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் டிலியில் இறங்கின. டொமிங்காஸ் ஒரு வரிகூட எழுதாமல் ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தார். நீளமான கூடம், இரண்டு வரிசையாகக் கட்டில்கள், மேலே மெத்தை விரித்திருந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“தலைமாட்டுப் பலகைய தலைகீழா மாட்டியிருக்காங்க, மாதவி. எல்லாக் கட்டில்லயும்.”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். வளைவு மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தது. பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அக்கா ஓரங்கட்டி நிறுத்தி, டிலிக்கு அழைத்தார். பலகை தலைகீழாக இருக்கிறது, படம் போட்டு விளக்கம் அனுப்பியிருந்தோமே, கழற்றி மாட்டச் சொல்லுங்கள் என்றார்.

“தெரியும்,” என்றார் டொமிங்காஸ். “நான்தான் அப்படி மாட்டச் சொன்னேன். பிள்ளைங்க மேல் பக்கம் துணி காயப்போடுவாங்க. வளைவா இருந்தா வழுக்கி விழும். அடுத்த பெட்டிக்கு நீங்களே இப்படிச் செஞ்சு அனுப்புங்க. திருகாணியும் ரெண்டு பையில குறைஞ்சுபோச்சு.”

“குறைய வாய்ப்பே இல்ல. நானே நின்னு எண்ண வச்சேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

அதன்பிறகு திருகாணியைப் பற்றி இருவரும் ஆளுக்கொரு மொழியில் நெடுநேரம் பேசினார்கள். லோரிகள் எங்களை உரசுவதுபோலக் கடந்து போய்க்கொண்டிருந்தன. நான் மணியைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கின் மேல் ஒரு பழைய ரசீதை வைத்து, அதன் பின்புறத்தில் வளைவில்லாத தலைமாட்டை வரைந்துகொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று காரணம் கேட்டார். திமோரில் ஒரு பிரச்சினை என்றேன். அது எந்தத் தாமானில் இருக்கிறது என்று கேட்டார்.